பயிற்சி ஆசிரியருக்கு, பதிவுப் பொறுப்பு மாவட்டத்துக்கு

வாசகர் கேள்வி:

கொலராடோவின் கிழக்குச் சமவெளியில் உள்ள ஒரு சிறிய பள்ளி மாவட்டத்தின் மனிதவள அலுவலகத்தில் சென்ற ஆகஸ்ட் மாதம் பணியில் சேர்ந்தேன். எங்களிடம் இரண்டு தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. மூன்றாம் வகுப்பு வரை வாசிப்பு கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவரும், சிறு வகுப்புகளின் வாசிப்புக்கான மாநிலச் சட்டமான ரீட் சட்டம் கேட்கும் 45 மணி நேரப் பயிற்சியை முடித்திருக்கிறார்களா என்று கண்காணிப்பது என் வேலைகளில் ஒன்று. எனக்கு முன்பு இருந்தவர் விட்டுச் சென்றது ஓர் எக்செல் அட்டவணை மட்டுமே. அதில் பெயர்களுக்கு எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இருக்கிறது. சான்றிதழ் நகல் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "ஆசிரியர்களே மாநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள், நமக்கு இதில் வேலை இல்லை" என்கிறார் பள்ளி முதல்வர் ஒருவர். நான்காம் வகுப்பிலிருந்து ஜனவரியில் இரண்டாம் வகுப்புக்கு மாற்றப்பட்ட ஓர் ஆசிரியை பயிற்சியில் பாதிதான் முடித்திருக்கிறார். அவர் பெயருக்கு எதிரேயும் 'ஆம்' என்றே போடச் சொல்கிறார் அதே முதல்வர். வேறு மாநிலத்திலிருந்து வந்த இன்னொருவர் அங்கே பெற்ற சான்றிதழைக் காட்டுகிறார். இது சட்டப்படி யாருடைய பொறுப்பு? நான் எதை, எப்படிப் பதிவு செய்து வைக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் முதன்மையான கேள்விக்கு விடை: பொறுப்பு உங்கள் மாவட்டத்தினுடையது. பயிற்சியை முடிப்பவர் ஆசிரியர், சான்றிதழில் இருப்பதும் அவர் பெயர்தான். ஆனால் மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை வாசிப்பு கற்பிக்க அமர்த்தப்பட்ட ஒவ்வோர் ஆசிரியரும் அந்தப் பயிற்சியை முடித்திருப்பதை உறுதி செய்து, அதற்கான ஆதாரத்தை மாநிலக் கல்வித் துறைக்குக் காட்ட வேண்டிய கடமையைச் சட்டம் மாவட்டத்தின் மீதே வைத்திருக்கிறது. கடுமையான வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையைக் கொண்டு, குழந்தைக்கு இவ்வளவு என்று மாநிலம் தரும் நிதி இந்தக் கடமையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி விடுபட்டுப்போனால் முதலில் கேள்விக்கு உள்ளாவது அந்த நிதியைப் பெறும் உங்கள் மாவட்டத்தின் தகுதி என்பதை முதல்வரிடம் சொல்லுங்கள். "நமக்கு இதில் வேலை இல்லை" என்ற பேச்சு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் அன்றாடக் குழப்பங்களில் பாதி தீரும். ரீட் சட்டம் 2012-இல் நிறைவேறியது. சிறு வகுப்புகளிலேயே வாசிப்பைச் சோதித்து, பின்தங்கிய குழந்தைக்குத் தனித் திட்டம் எழுதி, பெற்றோருக்குத் தெரிவித்து, அதற்கென மாவட்டத்துக்குப் பணம் தருவது அதன் அமைப்பு. சில ஆண்டுகள் பணம் போய்க்கொண்டே இருந்தும் குறைபாடுள்ள குழந்தைகளின் விகிதம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. எனவே 2019-இல் செனட் மசோதா 199 வழியாகச் சட்டமன்றம் அதைத் திருத்தி, பணத்தை எதில் செலவிடலாம் என்பதை இறுக்கியது. கற்பிப்பவருக்கு வாசிப்பின் அடிப்படைகளில் ஆதாரபூர்வமான பயிற்சி இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்துக்கும் ஒலிக்குமான தொடர்பு, சரளம், சொல்வளம், பொருள் உணர்தல் ஆகியவையே அந்த அடிப்படைகள். முதல் கெடு 2022 ஜனவரி 31 வரை தள்ளப்பட்டது. கூடுதல் அவகாசம் கேட்ட மாவட்டங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 வரை கிடைத்தது. உங்கள் கையில் இருக்கும் 'ஆம்', 'இல்லை' அட்டவணை அந்தக் கெடுவின் நெருக்கடியில் உருவானதாக இருக்கலாம் என்பது என் ஊகம். அந்த வேளைக்கு அது போதுமாக இருந்திருக்கும். கெடு முடிந்ததும் கடமையும் முடிந்தது என்று பல அலுவலகங்கள் எண்ணிக்கொண்டதுதான் சிக்கல், ஏனெனில் சட்டம் அதை ஒவ்வொரு கல்வியாண்டுக்குமான தொடர் கடமையாகவே வைத்திருக்கிறது.

தொடர் கடமை என்றால் நடைமுறையில் என்ன? உங்களிடம் இருப்பது பயிற்சி முடித்தவர்களின் பட்டியல். மாவட்டம் காட்ட வேண்டியதோ இன்று வாசிப்பு கற்பிக்கிறவர்களில் யாரும் விடுபடவில்லை என்பதை. இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஒன்றல்ல. பயிற்சி முடித்தவர்களின் பட்டியல் காலப்போக்கில் நீளும், அதில் ஓய்வு பெற்றவர்கள், பக்கத்து மாவட்டத்துக்குப் போனவர்கள், ஐந்தாம் வகுப்புக்கு மாறியவர்கள் எல்லாரும் இருப்பார்கள், பார்க்க நிறைவாகவும் இருக்கும். ஆனால் நேற்று இரண்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட ஒருவர் அதில் இல்லை என்பதை அந்தப் பட்டியல் ஒருபோதும் தானாகச் சொல்லாது. ஆகவே தொடங்க வேண்டிய இடம் பணி ஒதுக்கீட்டுப் பட்டியல்: எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், எந்தத் தேதியிலிருந்து யார் வாசிப்பு கற்பிக்கிறார். அதை முதலில் எழுதிவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பயிற்சிச் சான்றைத் தேடுங்கள். எதிர்த்திசையில் போனால், அதாவது சான்றிதழிலிருந்து ஆளைத் தேடினால், விடுபட்டவர் விடுபட்டவராகவே இருப்பார்.

ஒதுக்கீட்டுப் பட்டியலில் யார் யார் வர வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். வகுப்பாசிரியர் வருவார் என்பதில் ஐயமில்லை. அந்த வகுப்புகளில் வாசிப்பு கற்பிக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியர், பின்தங்கிய குழந்தைகளைத் தனியே அழைத்துச் சொல்லித்தரும் வாசிப்பு ஆசிரியர் ஆகியோரையும் சேர்த்தே எழுதுங்கள். ஓவியம், இசை, உடற்கல்வி மட்டும் எடுப்பவர்கள் வரமாட்டார்கள். ஒருவரை எழுதுவதா விடுவதா என்ற ஐயம் எழுந்தால், அவருடைய பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள். வாராந்தரக் கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, அந்தக் குழந்தைகளுக்கு வாசிப்பு சொல்லித்தரும் நேரத்தில் வகுப்பில் நிற்பவர் யார் என்று பாருங்கள். சிறிய மாவட்டங்களில் ஒரே ஆள் காலையில் சிறப்புக் கல்வி, மதியம் நூலகம், இடையில் முதல் வகுப்பின் வாசிப்புக் குழு என்று மூன்று வேலை பார்ப்பது வழக்கம். பதவிப் பெயர் அவற்றில் ஒன்றை மட்டுமே சொல்லும். நீண்ட காலப் பதிலி ஆசிரியரின் நிலை இன்னும் நுட்பமானது. மகப்பேறு விடுப்பில் ஒருவர் போய், பதிலி ஒருவர் மாதக்கணக்கில் அதே வகுப்பை நடத்தினால், அவரைப் பட்டியலில் குறித்துவிட்டுக் கல்வித் துறையின் ரீட் பிரிவிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், பதில் கோப்பில் இருக்க வேண்டும்.

முதல்வர்களும் இப்போது இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டார்கள். 2022-இல் வந்த செனட் மசோதா 4, தொடக்கப் பள்ளிகளின் முதல்வர்களுக்கும், நான்கு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாசிப்புக் குறைபாட்டுக்கெனத் தனியே கற்பிப்பவர்களுக்கும் பயிற்சியை விரிவாக்கியது. அதற்கான கெடு 2024-25 கல்வியாண்டோடு பொருந்தியிருந்தது. உங்களிடம் "நமக்கு வேலை இல்லை" என்று சொன்ன முதல்வரின் பெயரும் உங்கள் பட்டியலில் ஒரு வரியாக இருக்க வேண்டும் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

அடுத்தது சான்று. 'ஆம்' என்பது யாரோ ஒருவர் ஒரு நாள் கொண்டிருந்த கருத்து. அதற்குப் பின்னால் ஆவணம் இல்லாவிட்டால் அதை வைத்து மாநிலத்துக்கு எதையும் உறுதி சொல்ல முடியாது. பயிற்சியை நிறைவு செய்யப் பல வழிகள் இருக்கின்றன. கல்வித் துறை கட்டணமின்றி நடத்தும் வகுப்பு ஒன்று. துறை ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள தனியார் பயிற்சி மற்றொன்று. ஏற்கப்பட்ட பல்கலைக்கழகப் பாடம் இன்னொன்று. வகுப்பில் அமராமலே பிராக்சிஸ் 5205 என்னும் வாசிப்புக் கற்பித்தல் தேர்வில் தேர்ச்சி பெறுவதும் ஏற்கப்பட்ட வழியே. பயிற்சி வகுப்பு வழியாக வருவோருக்கு 45 மணி நேரம் அமர்ந்திருந்ததோடு கடமை முடிவதில்லை. இறுதி மதிப்பீட்டில் தேர்ச்சி பெற்றதற்கான ஆதாரமும் வேண்டும். வருகைச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுத் தேர்ச்சிச் சான்றிதழைக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. இரண்டும் ஒரே நிறுவனத்தின் முத்திரையோடு, ஒரே வடிவில் இருக்கும். கீழே உள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறியைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். கொலராடோவில் ஆசிரியர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்குக் கற்பிப்பது பற்றிய பயிற்சியையும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் காட்ட வேண்டும். மாநிலக் கல்வி வாரியம் 2018-இல் கொண்டுவந்த அந்த விதிக்கும் 45 மணி நேரம்தான். எண் ஒன்று, பொருள் வேறு. "என்னிடம் அந்த நாற்பத்தைந்து மணி நேரம் இருக்கிறதே" என்று ஓர் ஆசிரியர் உண்மையாகவே நம்பிச் சொல்வார், முதல்வரும் தலையசைப்பார், அலுவலகத்தில் 'ஆம்' விழும். ஐந்தாண்டு உரிமத்தைப் புதுப்பிக்கத் தேவைப்படும் 90 மணி நேரக் கணக்கில் ரீட் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ள ஆசிரியர் விரும்பலாம். அது அவருடைய உரிமக் கணக்கு. உங்கள் அட்டவணையில் அதற்கு இடம் தர வேண்டாம். இரண்டு கணக்கையும் ஒரே தாளில் கலந்த அலுவலகங்களில் கடைசியில் இரண்டுமே நம்ப முடியாததாகிவிடுவதைத்தான் பார்த்து வந்திருக்கிறேன்.

"மாநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள்" என்று முதல்வர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆசிரியர் தம் ஆவணங்களைக் கூல் எனப்படும் கொலராடோ ஆன்லைன் உரிம அமைப்பில் ஏற்றினால், துறை அவற்றைச் சரிபார்த்து, பயிற்சி நிறைவானதைக் காட்டும் ரீட் குறிப்பை உரிமத்தில் சேர்க்கிறது. மாவட்டத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான ஆதாரம் அதுதான், ஏனெனில் அங்கே சரிபார்த்தவர் துறையே. ஆனால் ஏற்றியது வேறு, ஏற்கப்பட்டது வேறு. விண்ணப்பம் பாதியில் நிற்கலாம், கூடுதல் ஆவணம் கேட்ட மின்னஞ்சல் ஆசிரியரின் பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். எனவே ஒவ்வோர் ஆசிரியரிடமும் குறிப்பு இடம்பெற்ற உரிமத்தின் நகலை வாங்கிப் பணிக்கோப்பில் வையுங்கள். குறிப்பு இன்னும் ஏறவில்லை என்றால் தேர்ச்சிச் சான்றிதழின் நகலை வாங்கி, குறிப்பு வரும்வரை 'சரிபார்ப்பில்' என்று எழுதுங்கள். ஆசிரியர் வேறு மாவட்டத்துக்குச் செல்லும்போது உரிமம் அவரோடு போய்விடும். அவர் உங்களிடம் கற்பித்த ஆண்டுகளுக்கான ஆதாரம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

வெளி மாநிலச் சான்றிதழ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸ், மிசிசிப்பி, வட கரோலினா முதலிய மாநிலங்களும் சிறு வகுப்பு ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் வாசிப்புப் பயிற்சி தந்தவை. அங்கிருந்து வருபவரின் பயிற்சி இங்குள்ளதைவிட நீண்டதாகவும் ஆழமானதாகவும் இருக்கக்கூடும். இருந்தாலும் அதன் தரத்தை எடைபோடுவது உங்கள் வேலை இல்லை, முதல்வரின் வேலையும் இல்லை. பயிற்சியின் பெயர், பதிப்பு, முடித்த பகுதிகள் ஆகியவை கொலராடோ துறையின் ஏற்புப் பட்டியலோடு பொருந்துகின்றனவா என்பது மட்டுமே கேள்வி. லெட்டர்ஸ் என்னும் தனியார் வாசிப்புப் பயிற்சி போன்றவை பல பகுதிகளாகப் பிரிந்தவை. முதல் தொகுதியை மட்டும் முடித்துவிட்டு முழுப் பயிற்சி பெற்றதாகச் சொல்பவர்கள் நிறைய. பொருந்தினால் கூல் வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால், நல்ல பயிற்சி பெற்ற ஒருவரை மீண்டும் 45 மணி நேரம் உட்கார வைப்பதைவிட பிராக்சிஸ் தேர்வை எழுதச் சொல்வதே நியாயம். விஷயம் தெரிந்தவருக்கு அது ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை.

அட்டவணையை எப்படி மாற்றுவது? எக்செல்லையே வைத்துக்கொள்ளலாம், உங்கள் அளவு மாவட்டத்துக்குத் தனி மென்பொருள் வாங்குவது வீண் செலவு. 'ஆம்', 'இல்லை' என்ற பத்தியை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில், ஆசிரியர் இப்போதைய பணியில் அமர்ந்த தேதி, பயிற்சிக்கு அவர் தேர்ந்த வழி, நடத்திய நிறுவனம், தேர்ச்சி பெற்ற தேதி, உரிமத்தில் குறிப்பு ஏறிய தேதி, ஆவணம் எந்தக் கோப்பில் இருக்கிறது, அதைப் பார்த்துச் சரிபார்த்தவர் யார், எந்த நாளில் என்பனவற்றை எழுதுங்கள். எல்லாம் தேதிகளாக இருப்பதற்குக் காரணம் உண்டு: இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருவர் வந்து, குறிப்பிட்ட நாளில் அந்த வகுப்பில் நின்றவர் பயிற்சி முடித்திருந்தாரா என்று கேட்டால், தேதிகள் பதில் சொல்லும், மஞ்சளும் பச்சையுமாக நிறம் தீட்டிய கட்டங்கள் சொல்லாது. பழைய வரிகளை அழிக்காதீர்கள். பணி மாறினால் புதிய வரி சேருங்கள்.

இந்த அட்டவணையை எப்போது பார்ப்பது என்பதை உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள வேலைகளோடு கட்டிவிடுங்கள். ஆகஸ்டில் வகுப்பு ஒதுக்கீடு முடிந்ததும் ஒரு முறை பாருங்கள். டிசம்பர் 1 நிலவரப்படி பணியாளர் விவரங்களை மாநிலத்துக்குத் தொகுத்து அனுப்பும்போது, அந்தத் தொகுப்பில் உள்ள பணி விவரத்தை இந்த அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் அதை நீங்களே முதலில் கண்டுபிடிப்பது நல்லது. குளிர்கால விடுமுறை முடிந்த வாரத்தில் மூன்றாவது முறை. ஆண்டின் நடுவில் நிகழும் மாற்றங்கள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன, உங்கள் ஆசிரியையின் மாற்றமும் அப்படி வந்ததுதான். இவற்றோடு, சிறு வகுப்புகளுக்கு யாரை மாற்றினாலும் முதல்வர் உங்களுக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுத வேண்டும் என்று மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வாங்கிவிட்டால், உங்கள் வேலையில் பெரும்பகுதி தானாக நடக்கும். இதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பயிற்சிப் பதிவில் விழும் ஓட்டைகள் அனேகமாக மனிதவள அலுவலகத்தில் விழுவதில்லை. ஒதுக்கீட்டை முடிவு செய்பவருக்கும் பதிவை வைத்திருப்பவருக்கும் இடையில் தகவல் போகாத இடத்தில் விழுகின்றன.

பயிற்சிக்கு நேரம் எங்கே என்ற குறை எழும். கொலராடோவின் 178 மாவட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வாரத்தில் நான்கு நாள் மட்டுமே பள்ளி நடத்துகின்றன. உங்களுடையதும் அப்படிப்பட்டதாக இருந்தால், அந்த ஐந்தாம் நாளில் சில மணி நேரத்தை இதற்கு ஒதுக்கக் கேட்பது பொருத்தமானது. உங்கள் பகுதியின் கூட்டுறவுக் கல்விச் சேவை வாரியம் பல சிறிய மாவட்டங்களுக்குச் சேர்த்துப் பயிற்சி நடத்துகிறதா என்றும் விசாரியுங்கள். என் சொந்தக் கருத்து, 45 மணி நேரம் ஒருவரை நல்ல வாசிப்பு ஆசிரியராக்கிவிடாது, வகுப்பில் ஒரு பயிற்றுநர் கூட நின்று காட்டுவதற்கு அது ஈடாகாது என்பது. ஆனாலும் ஒலிப்பைப் பிரித்துச் சொல்லித்தரத் தெரியாத ஒருவரிடம், தனி வாசிப்புத் திட்டத்தில் உள்ள ஒரு குழந்தை ஓர் ஆண்டைக் கழிப்பதை அந்தக் குறைந்தபட்சம் தடுக்கிறது.

இனி நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது. பாதி முடித்த ஆசிரியையின் பெயருக்கு எதிரே 'ஆம்' என்று போடாதீர்கள். அந்தச் சொல் மாவட்டம் மாநிலத்துக்குத் தரும் உறுதிமொழிக்குள் போகும், அந்த உறுதிமொழியின் பேரில் பொதுப் பணம் வரும். பணத்தோடு பிணைந்த ஓர் ஆவணத்தில் தெரிந்தே தவறான விவரத்தை எழுதுவது எழுதியவரையும் பிடிக்கும். மேலிடம் சொன்னது என்பது அப்போது உதவாது. முதல்வரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆண்டு நடுவில் ஆசிரியர் கிடைக்காமல் ஒரு வகுப்பை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டிய நெருக்கடி கிராமப்புற மாவட்டங்களில் உண்மையானது. அந்த நெருக்கடிக்குச் சட்டத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது: தகுந்த காரணம் காட்டி ஓராண்டு நீட்டிப்பு கேட்கலாம். எப்போது, எந்தப் படிவத்தில் என்று துறையிடம் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். பொய்யான 'ஆம்' ஒன்று கோப்பில் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு நீட்டிப்பு கேட்கக் காரணமே இருக்காது, காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறதே!

முதல்வருக்கு எழுதும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "இந்த ஆசிரியை ஜனவரியில் இரண்டாம் வகுப்புப் பொறுப்பை ஏற்றார். பயிற்சியில் இன்னின்ன பகுதிகள் முடிந்துள்ளன, இன்னின்னவை நிலுவையில் உள்ளன. அட்டவணையில் அவ்வாறே பதிவு செய்திருக்கிறேன். நிலுவையை முடிக்கும் தேதியைத் தாங்கள் தெரிவித்தால் நீட்டிப்புக் கோரிக்கையோடு சேர்த்துக் கண்காணிப்பாளருக்கு அனுப்புவேன்" என்று நான்கு வரி போதும்; நகல் கண்காணிப்பாளருக்குப் போகட்டும். அந்த ஆசிரியையிடமும் தனியே பேசுங்கள். துறையின் கட்டணமில்லா வகுப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா, அல்லது தேர்வு எழுதுவது அவருக்கு எளிதா என்று கேட்டு, எதைத் தேர்ந்தாலும் அதற்கான நேரத்தை மாவட்டம் தருமா என்பதைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். பள்ளியின் தேவைக்காக வகுப்பு மாறியவர் அவர். அந்த மாற்றத்தின் சுமையை அவருடைய சொந்த மாலை நேரங்களில் மட்டும் ஏற்றிவிடக் கூடாது.